ஹர்த்தால் நாளில் கழற்றித் தந்த டியூப்

எங்கள் பக்கத்தில் ஒட்டுப்பால் வாடை என்று சொன்னாலே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். ரப்பர் மரத்தின் வெட்டுவாயில் ஒழுகிக் காய்ந்து, நாடாவாக உரிக்கப்பட்டு, சாக்கில் கிடந்து புளித்த பாலின் நாற்றம் அது. மழை ஓய்ந்த மாலைகளில் வேலி தாண்டி வரும். வீட்டில் ஜன்னல்களை அடைப்பார்கள். நான் மட்டும் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். அந்த வாடைக்குள் ஒரு காலை வேளை இருக்கிறது. அதில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் சைக்கிளின் பின் டயரைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருக்கிறார்.

நாலைந்து வருடங்களுக்கு முன்பு நடந்தது. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, பெரிய ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய சிற்றூரில் எங்கள் வீடு. என் மகள் அப்போது மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். உறக்கம் கேரளத்தில், படிப்பு தமிழ்நாட்டில், நடுவில் களியக்காவிளை. காலையில் எல்லை தாண்டி, மாலையில் எல்லை தாண்டி, அதை ஒரு பயணம் என்றே நாங்கள் நினைப்பதில்லை. ஹர்த்தால் என்று ஒன்று வரும்போதுதான் அங்கே ஒரு கோடு கிடப்பது காலில் தட்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, பெட்டிக்கடைகூடக் கிடையாது. அந்தப் பக்கம் களியக்காவிளை ஸ்டாண்டில் பஸ்கள் வழக்கம்போல ஹாரன் அடித்து ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரே வெயில், ஒரே ரோடு, ஆனால் இரண்டு விதமான நாள்.

அன்றைய ஹர்த்தாலை முந்தின ராத்திரிதான் அறிவித்திருந்தார்கள். நாங்கள் எழுந்து செய்தியைப் பார்க்கும்போது விடியற்காலை ரயில் பாறசாலையைத் தாண்டிப் போயிருந்தது. என் மகளுக்கோ அன்று செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார், அன்று ஒருநாள் இருப்பார், போய்விடுவார். ஒன்பது மணிக்கு ஆய்வகத்துக்குள் நிற்காவிட்டால் அடுத்த வருடம்தான். ஒரு வருடம் கையிலிருந்து நழுவிப் போகிறது என்பதை அவள் முகத்தில் பார்த்தேன். அழவில்லை. வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடித் திறந்து உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டில் பைக் கேட்டேன். "எடுத்துக்கிடலாம் அண்ணே, ஆனா எவனாவது கல்லெறிஞ்சு கண்ணாடி போச்சுன்னா?" என்று அவர் கேட்டதில் பதில் இருந்தது. மிச்சம் இருந்தது என் சைக்கிள். சைக்கிளை எந்தக் கட்சிக்காரரும் தடுப்பதில்லை.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரியர் வைத்த, கனத்த பழைய வண்டி. அதன் எல்லா வேலைகளையும் வீட்டு முற்றத்தில் நானே செய்வேன். பஞ்சர் ஒட்டுவேன், பிரேக் கட்டை மாற்றுவேன், பெடலைக் கழற்றிக் குண்டு கழுவிக் கிரீஸ் வைப்பேன். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ அலையும் ஆள் நான். விரல் நகத்தில் கறுப்பு ஏறினால்தான் அடங்குவேன். வெளிநாட்டுக்காரர்கள் டயருக்குள் ஏதோ வெள்ளைத் திரவத்தை ஊற்றுவதை ஒருநாள் கைப்பேசியில் பார்த்தேன். ஆணி குத்தினால் அந்தத் திரவமே ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். அது என்ன என்று தேடினால் ரப்பர் பால்! என் வீட்டுக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நிற்கின்றன, சிரட்டை சிரட்டையாகப் பால் வடிகிறது, இதைப் போய்க் கடையில் வாங்குவார்களா? ஹர்த்தாலுக்குச் சில நாள் முன்பு, காலையில் வெட்டிய பாலை ஊசி போடும் சிரிஞ்சில் உறிஞ்சி, வால்வு வழியாகப் பின் டியூபுக்குள் ஏற்றினேன். என்னைப் போல ஒரு புத்திசாலி எல்லைப் பக்கம் இல்லை என்று நினைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்கத் திரிந்தேன்.

மகளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். கவலை இல்லாத நாளாக இருந்திருந்தால் அதைப் போல ஒரு சவாரி கிடைக்காது. லாரி இரைச்சல் அடங்கிப்போன நெடுஞ்சாலையில் மைனாக்கள் நடை பழகிக்கொண்டிருந்தன. பாறசாலை ஜங்ஷனில் கொடியோடு நின்ற பிள்ளைகள் போகச் சொல்லிக் கையைக் காட்டினார்கள். "சைக்கிளாணோ? பொய்க்கோ, பொய்க்கோ." போனோம். தாண்டிக் கொஞ்ச தூரம்தான். பின் சக்கரம் தடக், தடக் என்று துள்ளத் தொடங்கியது.

"அப்பா, வீலுக்குள்ள என்னமோ கிடந்து உருளுது."

"ஒண்ணுமில்ல மக்களே, ரோடு சரியில்ல."

ரோடு கண்ணாடி போலக் கிடந்தது. இன்னும் பத்துச் சுற்று சுற்றியிருக்கும். ஏதோ குத்தியது, சீறியது, வண்டி தரையில் அமர்ந்துவிட்டது. டயரின் ஓரத்தில் வெள்ளைத் தண்ணீர் கசிந்தது. கூடவே அந்த நாற்றம். மகள் இறங்கி, துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். களியக்காவிளைக்கு நடந்தால் நேரத்துக்கு எட்டாது. ரோட்டோரம் ஒரு சைக்கிள் கடை உண்டு; அதன் பலகைக் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. நான் வண்டியை உருட்டத் தொடங்கினேன். வேறென்ன செய்ய?

"அண்ணா, உருட்டாதீங்க. ரிம்மு போவும். தூக்குங்க!"

மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்குரல். கேட் திறந்தது. என்னைவிடச் சில வயது இளையவராக இருப்பார்; நைட்டியின் மேல் தோர்த்துத் துண்டு போட்டிருந்தார். எங்கே போகிறோம், எதற்கு என்று இரண்டு கேள்வியில் கேட்டு முடித்து, பின் சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து வண்டியை உள்ளே கொண்டுபோனார்.

கார் இல்லாத கார் ஷெட் அது. மேல் கான்கிரீட்டில் தொட்டில் கட்டுகிற கொக்கி. அதிலிருந்து இரண்டு கயிறு. கயிற்றில் ஒரு லேடீஸ் சைக்கிள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் கணவர் சொன்னார்: "பிள்ளியளுக்குத் தொட்டில் கெட்டப் போட்ட கொக்கியாக்கும். அதுங்க வளந்து கல்ஃபுக்குப் போச்சு. இப்பம் இவ சைக்கிளப் போட்டு ஆட்டுகா."

"பின்ன, உங்களயா போட்டு ஆட்ட?" என்றார் அந்தப் பெண், திரும்பாமலே.

நான் ஸ்பானரைப் பிடித்தேன். அவர் வால்வைத் திருகி எடுத்தார். காற்றுக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கொழுக்கட்டைத் துணுக்கு வெளியே எட்டிப் பார்த்தது. குனிந்து மோந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு.

"இஞ்ச வாருங்க, சட்டுனு வாருங்க! நம்ம கூட்டத்து ஆளாக்கும் வந்திருக்காரு!"

கணவர் வந்து பார்த்து, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தம்மாவும் இதே வேலையைச் செய்திருக்கிறார். "நீங்க வெறும் பால ஊத்தினிய. உறைஞ்சு போச்சு. இவ உறையாம இருக்கணும்னு அமோனியாவும் கூட்டியாக்கும் ஊத்தினா. பம்பு அடிச்ச அடியில வால்வு தெறிச்சு அந்தச் சொவரு பூரா வெள்ளையடிச்சாச்சு. பெயிண்டுக்கு ஆளு விளிக்க வேண்டி வரல்ல."

என் மகள் அன்று முதன்முறையாகச் சிரித்தாள். நானும்தான். அவமானமாக இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஏதோ ஒரு சபையில் சேர்த்துக்கொண்டது போல இருந்தது.

பிறகு வேலை. ஒரு பழைய பெட்ஷீட்டை விரித்தார். கழற்றிய நட்டுகளைத் தேங்காய்ச் சிரட்டைகளில் போட்டார், வலது பக்கத்து நட்டுக்கு ஒரு சிரட்டை, இடது பக்கத்துக்கு ஒரு சிரட்டை. கரண்டிக் காம்புகளால் டயரை நெம்பி டியூபை உருவினார். அதன் அடிவயிற்றில் தவளையை விழுங்கிய பாம்பு போல ஒரு புடைப்பு. உறைந்து உருண்ட பால். சக்கரம் துள்ளியது அதனால்தான். வாளித் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டோம், உப்புத்தாளால் தேய்த்தோம், சொல்யூஷன் பூசி ஒட்டுப் போட்டோம். அவர் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏதோ ஞானப்பாட்டை முனகினார். காற்று ஏற்றியதும் ஒட்டு மெல்லக் கிளம்பியது. கீழிருந்து பால்தண்ணீர் கசிந்து பசையைப் பிடிக்க விடவில்லை. துடைத்து, காயவைத்து, மறுபடியும் ஒட்டினோம். மறுபடியும் கிளம்பியது.

என் மகள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். பையின் ஜிப் சத்தம் மறுபடியும் கேட்கத் தொடங்கியது. கைப்பேசியில் மணி பார்த்தாள், பையில் போட்டாள், எடுத்துப் பார்த்தாள். அந்தம்மா அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான். ஈரக் கையைத் தோர்த்தில் துடைத்துக்கொண்டு எழுந்தார், தொங்கிக்கொண்டிருந்த தன் சைக்கிளின் பின் சக்கரத்தில் ஸ்பானரை வைத்தார்.

"எடியே, உனக்கு இன்னைக்கி..." என்று கணவர் தொடங்கினார்.

"நீங்க போய்ச் சாயா போடுங்க. பிள்ள ஒண்ணும் குடிக்காம வந்திருக்கும்."

அவர் ஒரு கணம் நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

"ரெண்டும் ஒரே சைஸாக்கும் அண்ணா. எனக்க டியூபு உங்களுக்கு இருக்கட்டும்."

"வேண்டாம்மா, அது சரியில்ல. வண்டியே ஒருநேரம் தந்தா..."

"இதுல கேரியர் கிடையாதுல்லா, பிள்ளய எங்க இருத்துவிய? மக்களே, உனக்கு ஓட்ட அறியுமா?"

மகள் தலையாட்டினாள், தெரியாதென்று.

"அப்பம் பேசாண்டாம். வீலப் பிடி."

இரண்டு சக்கரங்களும் பெட்ஷீட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் எத்தனையோ பஞ்சர் ஒட்டியிருக்கிறேன். ஆனால் இப்படி அவசரமும் நிதானமும் ஒரே கையில் இருந்து பார்த்ததில்லை. என் டயருக்குள் தன் டியூபை வைப்பதற்கு முன், உள்சுவரைச் சுற்றி விரலை ஓட்டினார். நான் பொறுமையிழந்து, "நேரமாச்சே" என்றேன். "குத்துனது உள்ளதான் இருந்தா இதும் போச்சு" என்றவர், பாதிச் சுற்றில் 'ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டார். மெல்லிய கம்பித் துண்டு. விரலில் ரத்தம். அதைத் தோர்த்து நுனியில் சுற்றிக்கொண்டு, கம்பியைக் குறட்டால் பிடுங்கி எறிந்து, மீதிச் சுற்றையும் தடவி முடித்தார். பாதியில் விடவில்லை. அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: ஒன்று அகப்பட்ட பிறகும் மீதியைத் தடவிப் பார்த்த அந்த விரலை.

காற்று நின்றது. சக்கரம் ஏறியது. கணவர் சாயாவோடு வந்தார். மகளின் கை முழுக்கக் கிரீஸ். அந்தம்மா உள்ளே ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, அவள் விரல் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். "பரீட்சை எழுதப்போற கையாக்கும்" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார், யாரோ மறுத்ததைப் போல. தன் கையில் அந்தக் கறுப்பு அப்படியே இருந்தது.

களியக்காவிளையில் மார்த்தாண்டம் பஸ் புறப்பட்டு உருண்டுகொண்டிருந்தது. மகள் ஓடி ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள், கழுவிய கை, எண்ணெய்ப் பளபளப்போடு. அவள் அன்று நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த வருடம் எங்கள் கையைவிட்டுப் போகவில்லை.

டியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்க உட்கார்ந்தாவது என் டியூபைச் சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்போடு அந்த வீட்டுக்குத் திரும்பினேன். கார் ஷெட்டில் கயிறு வெறுமனே தொங்கியது. கணவர் மட்டும் படியில் இருந்தார்.

"அவ போயாச்சே. எட்டு மணி டூட்டியாக்கும். பாறசாலைக்கு அந்தால ஒரு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் நர்ஸில்லியா? வெள்ளம் குடிக்கப் பயந்து கிடக்க ஆளுவளுக்கு ஹர்த்தாலும் கிடையாது ஒண்ணும் கிடையாது."

வெறும் கயிற்றைத் திரும்பிப் பார்த்தேன். "எதுல போனாங்க?"

"சைக்கிள்லதான்."

"டியூப் இல்லாமலா?"

"எனக்க கைலி ரெண்டு, தோர்த்து ஒண்ணு. நல்லா முறுக்கி முறுக்கி டயருக்குள்ள திணிச்சுக் கெட்டியாக்கினா. வேற துணி தேடிட்டு நிக்க நேரம் இல்ல. நான் உடுத்திருக்கதயும் ஒரு நோட்டம் நோக்கினா பாத்துக்கிடுங்க, நான் உள்ள ஓடிட்டேன்."

"முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் சொல்லத்தானே வந்தேன்? சாயா போட அனுப்பிட்டாளே."

சைக்கிளைத் திருப்பி மிதித்தேன். வெயில் ஏறியிருந்தது. ஆளில்லாத ரோட்டில், பாறசாலை ஸ்டேஷனுக்குத் திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால், வெள்ளைச் சுரிதார் கண்ணில் பட்டது. பின் சக்கரம் உருளவில்லை, நடந்தது. பொத், பொத், பொத் என்று கைலிகள் ரோட்டை மிதித்துக்கொண்டு போயின. டயரின் ஓரத்தில் ஒரு நீலக் கட்டம் போட்ட துணிமுனை துருத்திக்கொண்டு சுற்றியது. அதன் மேல் முதுகை நேராக வைத்துக்கொண்டு, டிபன் பையைக் கூடையில் போட்டு, அவர் அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை. விரலில் பிளாஸ்திரி.

"அம்மா, இறங்குங்க. இந்த வண்டியை எடுத்துக்கங்க."

"ஐயோ, இந்த பார் வச்ச வண்டியா? ஏறவும் அறியாது இறங்கவும் அறியாது. விழுந்தா இன்னைக்கி ஒரு பேஷண்ட் கூடும்." சிரித்தார், மிதிப்பை நிறுத்தாமல். "போன்ல விளிச்சுச் சொல்லியாச்சு அண்ணா, ராத்திரி டூட்டி நின்ன பிள்ள எனக்காகப் பொறுத்து நிக்குது. நிறுத்தினா இந்தக் கைலி பின்ன கிளம்பாது."

வேறு வழி தெரியாமல் பக்கத்திலேயே மிதித்துக்கொண்டு போனேன். அவருடைய டியூபில் நிறைந்த காற்றின் மேல் நான் வழுக்கிக்கொண்டு போகிறேன்; அவர் கணவரின் துணியின் மேல் குதித்துக் குதித்து வருகிறார். நன்றி என்ற சொல் வாயில் வந்து வந்து கூசித் திரும்பியது. எத்தனையோ பேர் எனக்கு உதவியிருக்கிறார்கள். தங்களிடம் மிஞ்சியதை, தங்களுக்கு இப்போது வேண்டாததைத் தந்திருக்கிறார்கள். தான் ஏறிப்போக வேண்டிய சக்கரத்தையே அவிழ்த்து அடுத்தவருக்குப் பூட்டிவிட்டு, மிச்சத்தைத் தன் கையால் ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று தைரியமாக இருந்த ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எதையும் திறந்து பார்க்கலாம், திரும்பப் பூட்டிவிடலாம் என்று கைகளுக்குத் தெரிந்தவர்களால்தான் இப்படிக் கொடுக்க முடிகிறதோ என்று இன்றைக்கும் சக்கரம் கழற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரி கேட் வந்தது. காவலாளி சத்தத்தைக் கேட்டுச் சக்கரத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். அந்தம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. வண்டியைச் சுவரில் சாய்த்து, பையை எடுத்து, இரண்டடி உள்ளே போனவர், அப்போதுதான் மறந்துபோன எதையோ நினைத்துக்கொண்டதைப் போல வேகமாகத் திரும்பி வந்தார்.

"அண்ணா, பிள்ளைக்கு பஸ் கிட்டிச்சா?"

"கிட்டிச்சும்மா."

"ஆ, அது போதும். அப்பம் நான் வாறேன்."